செகண்டுக்கு இருபத்தஞ்சு

"பொறுங்க தம்பி, இங்கதான் எங்கயோ ஒளிஞ்சிருக்கு."

விசைப்பலகையில் வலது அம்புக்குறிக்கு ஒரு தட்டு, இடதுக்கு ஒரு தட்டு. திரையில் புதுச்சட்டை மாப்பிள்ளை ஓர் அடி முன்னால் வைக்கிறார், பின்வாங்குகிறார், மறுபடி முன்னால் வைக்கிறார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு... மாட்டுச்சு பாருங்க! அஞ்சுக்கு அப்புறம் ஒண்ணைக் காணோம்." திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த முகத்தோடு எடிட்டர் அக்கா என் பக்கம் நாற்காலியைத் திருப்புகிறார். மாப்பிள்ளை ஒழுங்காகத்தானே நடக்கிறார் என்று நான் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அன்று பட்ட பாடு தனிக்கதை.

நான் பக்கத்து அறையில் ஓர் அச்சகத்துக்குப் பிழை திருத்துகிறவன். எனக்கு ஒற்றுப்பிழை எப்படியோ, அக்காவுக்கு இது அப்படி. வீடியோ என்பது வரிசையாக ஓடும் நிழற்படங்கள்தான். அக்காவின் வீட்டுக்காரர் கல்யாணங்களைப் படமெடுக்கும் கேமராக்காரர். அவருடைய கேமரா செகண்டுக்கு இருபத்தைந்து படம் எடுக்கும். விருந்தாளிகளின் போன்கள் முப்பது எடுக்கும். தலையில் குட்டிக் கேமராவைக் கட்டிக்கொண்டு ஆடுகிற நண்பன் அறுபதோடு வந்து நிற்பான். இவ்வளவையும் ஒரே படமாக ஒட்டும்போது, இருபத்தைந்துக்கு மேல் இருப்பதைக் கணினி எடுத்து வெளியே போட்டுவிடும். போட்ட இடத்தில் நடை லேசாக வெட்டும். அந்த வெட்டு வேறு யார் கண்ணுக்கும் தெரியாது. அக்காவுக்குச் சோறு இறங்காது.

எந்த வீடியோ வந்தாலும் முதலில் அதன் பூர்வீகத்தை விசாரிப்பார். "நீ எத்தனை? முப்பதா? சரி, உள்ள வா. தொலைச்சுக் கட்டறேன்." போன்கள் மேல் அவருக்குத் துளியும் நம்பிக்கை இல்லை. "முப்பதுன்னு சொல்லும் தம்பி. வெளிச்சம் கொறஞ்சா இருபத்தெட்டுக்கு இறங்கிடும், கேட்டா ஒண்ணும் தெரியாத மாதிரி இருக்கும்." சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் அங்கே ஓடும் டிவியைப் பார்த்துவிட்டு, "படத்துல தூண் குதிக்குதே, உங்களுக்குத் தெரியல?" என்று கேட்பார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாராலும் நிம்மதியாக டிவி பார்க்க முடிவதில்லை. இப்போதெல்லாம் அவர் வருகிறார் என்றால் டிவியை அணைத்து வைத்துவிடுகிறார்களாம்.

அறைக் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. 'இருபத்தைந்தில் எடுத்துத் தரவும். மற்றபடி உங்கள் இஷ்டம். குதித்தால் என்னைக் கேட்கக் கூடாது.' பார்க்கிறவர்கள் அது வாடிக்கையாளர்களுக்கு என்று நினைப்பார்கள். உண்மையில் அது வீட்டுக்காரருக்கு.

மனிதர் நல்லவர்தான், மறதி அதிகம். பூ மெதுவாக விழட்டும் என்று கேமராவை ஐம்பதில் வைப்பார். திருப்பி வைக்க மறந்துவிடுவார். "பூ விழுந்துச்சு, அழகா இருந்துச்சு. மாமனார் சாப்பிட்டதை எதுக்குங்க அம்பதுல எடுத்தீங்க? அவரு மெல்லுறதை மெதுவாப் பார்க்கணும்னு யாரு கேட்டா?" அக்கா கோபத்திலும் 'ங்க'வை விடமாட்டார். கோபம் முற்றினால் பேச்சு என் வழியாகப் போகும். "தம்பி, அவர்கிட்ட சொல்லுங்க, கண்ணாடிய மாத்தச் சொல்லி." அவர் என்னவோ இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார்.

போன மாதம் ஒரு பெண் வந்தாள். கல்யாணம் முடிந்து மூன்று வாரம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கணவனோடு வெளிநாட்டுக்குக் கிளம்புவதாக இருந்தாள். அவளுடைய அம்மாவுக்குக் காது கேட்காது, பேசவும் வராது. கையால்தான் பேசுவார். கல்யாணத்தன்று அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று மகளுக்காக நாலு நிமிடம் பேசியிருக்கிறார். நம் கேமராக்காரர் அந்த நேரம் பார்த்துக் கூட்டத்தின் பக்கம் திரும்பிவிட்டார். "எல்லாரும் அழுதாங்க. நான் அழுகைய எடுத்தேன்" என்றார். கைகளை முழுதாக எடுத்தது பெண்ணின் சித்தி மட்டும்தான், போனில், முப்பதில்.

அக்கா வழக்கம்போல முப்பதை இருபத்தைந்தாக்கி ஒட்டிக் காட்டினார். பெண் பார்த்தாள். முகம் வாடிவிட்டது. "எங்கம்மா திக்கமாட்டாங்க அக்கா."

அக்காவுக்கு மட்டுமே தெரிகிற வெட்டு, அம்மாவின் கைப்பேச்சில் இவள் கண்ணிலும் பட்டுவிட்டது. அக்கா இன்னொரு வழியில் செய்தார். தூக்கிப் போடவேண்டிய படத்தைப் பக்கத்துப் படத்தோடு கலந்து விடுவது. கைகள் பனிமூட்டத்தில் அலைவதுபோல ஆயின; ஒரு கையில் ஏழெட்டு விரல் இருந்தது. "இப்ப முணுமுணுக்கிறாங்க" என்றாள் பெண். கடைசியாக, நடுவில் வேண்டிய படங்களைக் கணினியே வரைந்துகொள்ளும்படி விட்டார். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். ஓட்டம் என்னவோ வழுக்கிக்கொண்டு போயிற்று. ஆனால் பேச்சின் கடைசி வரிக்கு வந்ததும் பெண் எழுந்தே விட்டாள்.

"அம்மா 'போயிட்டு வா'ன்னாங்க. இதுல 'போ'ன்னு மட்டும்தான் இருக்கு."

உள்ளங்கையை முன்னால் தள்ளினால் அவர்கள் வீட்டில் 'போ'. உடனே ஆள்காட்டி விரலை வெடுக்கென்று தன் பக்கம் மடக்கினால் 'வா'. சித்தியின் போனில் அந்த மடக்கலுக்கு மூன்றே படம். முதல் தடவை அதில் நடுப்படம் குப்பைக்குப் போயிருந்தது. இந்தத் தடவை கணினி அந்த விரலை நீட்டியே வரைந்துவிட்டது.

அக்கா அவள் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். "போன்ல உள்ளதை அப்படியே வெச்சுக்கோம்மா. அதுல எல்லாம் சரியா இருக்கு."

"என் கல்யாணப் படத்துல எல்லாரும் உள்ள இருப்பாங்க, அம்மா மட்டும் வெளிய நிக்கணுமாக்கா?"

பெண் போய்விட்டாள். ஒரே வழிதான் மிச்சம் இருந்தது, அது அக்காவுக்கும் தெரியும். மொத்தப் படத்தையும் முப்பதுக்கு மாற்ற வேண்டும். அப்போது அம்மாவின் படங்களில் ஒன்றுகூட வெளியே போகாது. ஆனால் இருபத்தைந்தில் எடுத்த மற்ற எல்லாமே செகண்டுக்கு ஐந்து படத்தை இரண்டுதரம் காட்டிக்கொண்டு தடுக்கித் தடுக்கி ஓடும். இரண்டு வாரமாக வெட்டி ஒட்டியதை முதலிலிருந்து செய்ய வேண்டும். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று இத்தனை வருடம் சாதித்தவர், நாலாவது காலையும் தானே எண்ணிக் காட்ட வேண்டும். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கொஞ்சம் சிரிப்பும் வந்தது.

"என்னங்க," என்றார் நேராகவே, என்னை நடுவில் இழுக்காமல். "முப்பதுக்கு மாத்தறேன்."

கேமராக்காரர் லென்ஸ் துடைப்பதை நிறுத்தினார். "நான் மண்டபத்தைச் சுத்தி எடுத்தது எல்லாம் குதிக்குமே?"

"குதிக்கட்டும். தூணு யாருக்கும் ஒண்ணும் சொல்லலீங்க."

அவர் யோசித்தார். "அப்ப நான் எடுத்த அழுகை?"

"நீங்க எடுத்த அழுகை நல்லா இருக்கு. அது தடுக்கினா பரவாயில்ல. அழறவங்களுக்குத் தடுக்கத்தான் செய்யும்."

மனைவி பாராட்டியதுபோல் ஏதோ நடந்துவிட்டதை உணர்ந்து, அவர் அவசரமாகத் தேநீர் வாங்கப் போனார்.

ஆறு நாள் அக்கா பகலெல்லாம் அந்த நாற்காலியை விட்டு எழுந்ததாகத் தெரியவில்லை. சுவர் வழியாக 'டக், டக்' என்று கேட்டுக்கொண்டே இருந்தது. என் பங்குக்கு நானும் ஒரு புத்தகத்தில் நாலு பிழையைக் கோட்டைவிட்டேன்.

சனிக்கிழமை அம்மாவும் மகளும் வந்தார்கள். படம் ஓடியது. மண்டபம் தடுக்கியது, தூண்கள் குதித்தன, மாமனார் விட்டுவிட்டு மென்றார். அக்கா ஒவ்வொன்றுக்கும் பல்லைக் கடித்தார். பிறகு அம்மாவின் கைகள் வந்தன. அவை தங்கள் வேகத்தில், தெளிவாக, ஒரு விரலும் குறையாமல் பேசின. கடைசி வரியில் விரல் மடங்கிற்று. மகள் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அம்மா அக்காவைப் பார்த்துக் கையால் நிறையச் சொன்னார். மொழிபெயர்க்க வேண்டியவள் அழுதுகொண்டிருந்ததால், அது என்னவென்று எங்கள் யாருக்கும் தெரியாது.

கிளம்பும்போது அந்தப் பெண் வாசலில் நின்று, "நாளைக்குப் போறேன்க்கா" என்றாள். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கும் அக்கா உள்ளங்கையை முன்னால் தள்ளி, ஆள்காட்டி விரலை வெடுக்கென்று தன் பக்கம் மடக்கினார்.