பகா எண்ணும் ஜன்னல் சீட்டும்

அந்த ஜன்னல் சீட்டை எனக்கு யாரும் சும்மா தரவில்லை. வகுத்து வாங்கினேன்.

1960களில் எனக்கு பம்பாய் ஃபோர்ட் பகுதியில் டைப்பிஸ்ட் வேலை. ஆண்டாப் ஹில்லிலிருந்து நடந்துபோய் வடாலாவில் ரயில் ஏறுவேன். லேடீஸ் டப்பாவில், அதாவது பெண்கள் பெட்டியில், என் சிநேகிதி எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பாள். பாலக்காட்டுக்காரி, இன்சூரன்ஸ் கிளார்க். செம்பூரிலேயே ஏறிவிடுவதால் ஜன்னல் அவளுக்கு, நடு சீட்டு எனக்கு. ஒரு நாள் கத்திவிட்டேன்.

"ஏளா, ஜன்னல ஒன் பேருக்குப் பட்டா போட்டுக் குடுத்துட்டாவளா?"

"கணக்குல ஜெயிச்சு எடுத்துக்கோ" என்றாள்.

விதி அவள் போட்டதுதான். மாத பாஸின் நம்பர் பகா எண்ணாக இருக்க வேண்டும். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடக்கூடாது. அப்படி இருந்தால் அந்த மாதம் ஜன்னல் அந்தப் பாஸ்காரிக்கு. இல்லாவிட்டால் முதலில் ஏறியவளுக்கு.

எனக்கு வந்ததெல்லாம் உருப்படாத நம்பர்கள். ஒன்று இரட்டைப்படை, அடுத்தது ஐந்தில் முடிந்தது. ஜூன் மாதம் 30031 வந்தது. இரண்டால் வகுத்தேன், மீதி ஒன்று. மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று, எல்லாவற்றுக்கும் மீதி ஒன்றேதான்! வர்க்கமூலம் 173 சொச்சம், அதனால் 173 வரை பகா எண்கள் எல்லாவற்றாலும் வகுத்துப் பார்த்திருக்க வேண்டும். ஐம்பத்து மூன்றில் மீதி முப்பத்து மூன்று வந்தபோது, இறங்க வேண்டிய வி.டி. ஸ்டேஷன் வந்துவிட்டது.

மிச்சத்தை வகுக்காமலே மறுநாள் காலை ஏறியதும், "பகா எண்தான். எந்தி" என்றேன். மறுபேச்சில்லாமல் எழுந்தாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அடுத்த வாரம் மழை பிடித்தது. ஜன்னலை மூடும் பலகை பாதியில் சிக்கி இறங்கவில்லை. தினமும் என் இடது தோள் தொப்பலாக நனைந்தது. ஜெயித்த சீட்டை விடுவேனா? தும்மிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

ஒரு மத்தியானம் ஆபீஸில் வேலை இல்லை. விட்ட இடத்திலிருந்து வகுத்தேன். அடுத்த பகா எண்ணே ஐம்பத்தொன்பது. மீதி இல்லை. 59 பெருக்கல் 509. எனக்கு என் மேலேயே ஆத்திரம். இன்னும் ஒரே ஒரு எண் பார்த்திருந்தால் போதும்! சொல்லாமல் இருந்துவிடலாமா என்றும் யோசித்தேன். திருட்டு சீட்டில் உட்கார எனக்கு உடம்பு கூசியது.

மறுநாள் ஏறியதும் சொன்னேன். "தப்புளா. அம்பத்தொம்பதுல போவுது."

"ரெண்டாம் நாளே தெரியுமேடி" என்றாள், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

"பெறவு ஏன் சொல்லல?"

"அந்தப் பலகை எறங்காதுன்னும் தெரியும். மழை நிக்கட்டும், சொல்லலாம்னு இருந்தேன்."

டப்பாவே சிரித்தது. எனக்கு வந்த கோபத்தில் அவள் கையைப் பிடித்து ஜன்னல் பக்கம் இழுத்தேன். "விதி விதிதான். நீதான மொதல்ல ஏறுன? ஒக்காரு."

உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் ரயிலுக்குள்ளேயே குடையை விரித்தாள். அதில் வழிந்த தண்ணீர் முழுக்க வி.டி. வரை என் மடியில்தான் விழுந்தது.