சதாபிஷேகத்துக்கு வந்த நோட்டீஸ்

2024 ஜூன் 14, வெள்ளிக்கிழமை, காலை பத்து இருபது. மைசூரில் தூறல். விஜயநகர் வீட்டு வாசலில் தபால்காரர் நனைந்த கையோடு பதிவுத் தபாலை நீட்டினார். என் மருமகளுக்கு வக்கீல் நோட்டீஸ்.

மூன்று வருஷம் அவள் ஒரு பெங்களூர்க் கம்பெனியின் செயலியில் தினமும் நேரலையில் வேடிக்கையாகப் பேசினாள். மேலுகோட்டை வழிவந்த, கன்னடம் கலந்த எங்கள் வீட்டுத் தமிழில்தான். ஜனவரியில் விலகினாள். விலகிய பின் ஓராண்டு வேறெந்தத் தளத்திலும் நேரலையில் தோன்றக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து. அதை மீறினாளாம், ஐந்து லட்சம் கட்ட வேண்டுமாம்.

மீறியது எங்கே? மே மாதம் நடந்த என் சதாபிஷேகத்தில்! அமெரிக்க உறவினர்களுக்காக மகன் அதை யூடியூபில் நேரலையாக விட்டான். பூட்டி வைத்தால் வயதானவர்களுக்குத் திறக்கத் தெரியாதென்று பொதுவில் விட்டான். வாத்தியார் மந்திரம் சொல்ல, இவள் மைக்கைப் பிடித்து விளக்கம் சொன்னாள். பார்த்தவர்கள் அறுபத்தொரு பேர்.

கம்பெனி அதிகாரியைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"என் தலையில தண்ணி கொட்டினது உங்களுக்கு என்ன ஸ்வாமி போட்டி?"

"மனோரஞ்சனை, அதான் என்டர்டெயின்மென்ட், பண்ணிருக்காங்க சார். குடம் சின்னது, மாமனார் தலை பெரிசுன்னாங்க. ஜனம் சிரிச்சிருக்கு."

"சிரிச்சது என் தங்கை!"

"யாரு சிரிச்சாலும் வியூ வியூதானே சார்."

முப்பத்துநான்கு வருஷம் வங்கியில் இருந்தேன். ஓய்வுபெற்ற மறுநாள் எதிர்க்கடையில் கணக்கு எழுதினேன். இனி கூட்டல் போடாதே என்று எந்த மேனேஜரும் சொல்லவில்லை. இவர்களோ ஒரு பெண்ணின் வாயைக் குத்தகைக்கு எடுத்ததுபோல் பேசுகிறார்கள்.

வக்கீலிடம் போனோம். "இந்த ஷரத்து கோர்ட்டுல நிக்காது. ஆனா தீர்ப்பு வர வருஷக் கணக்காகும்."

"நிக்காததை எதுக்கு எழுதறா?"

"நீங்க பயப்படறதுக்குத்தான்."

ஜூலையில் இன்னொரு தளத்தில் அவளுக்கு நிகழ்ச்சி பேசியாகியிருந்தது. நோட்டீஸ் தீராமல் கையெழுத்துப் போடமாட்டோம் என்றார்கள் அவர்கள். நான் வழக்காடியே தீர வேண்டும் என்று குதித்தேன்.

"நீங்க ஜெயிச்சுண்டு வரவரைக்கும் நான் வாயை மூடிண்டு உக்காரணுமாப்பா?" என்றாள் மருமகள்.

கம்பெனியோடு சமரசம் பேசச் சொல்லி வக்கீலுக்குப் போன் போட்டேன். வங்கி வைப்புத்தொகையை முன்கூட்டியே உடைத்தேன். ஜூலை முதல் வாரத்தில் அவள் மறுபடி பேசத் தொடங்கினாள். சமரசத் தொகை, வக்கீல் கட்டணம், முத்திரைத்தாள், வங்கியில் இழந்த வட்டி எல்லாம் கூட்டினால், தண்டமாகப் போனது ஒரு லட்சத்து ஐம்பத்துநான்காயிரத்து முந்நூற்று அறுபது ரூபாய்.