ஆற்றில் மாட்டிய ஹூக்கு

தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் சாரம் கட்டுகிறவர்களிடம் போய் வரதன் என்று கேட்டால், எந்த வரதன் என்பார்கள். பெல்ட்டு வரதன் என்றால் உடனே கை காட்டுவார்கள்.

ஆரம்பாக்கத்துக்காரன். அப்பனும் அம்மாவும் அடுத்தவன் கழனியில் நாற்று நட்டவர்கள். இவன் இரும்புக் குழாய் தூக்க வந்தான். அப்போதெல்லாம் காண்டிராக்டர் ஆளுக்கு சேஃப்டி பெல்ட் கிடையாது. கூட ஏறிய அப்பாவு ஒருநாள் மேலேயிருந்து விழுந்தான். விழுந்த இடத்தில் மண்ணைக் கொட்டிவிட்டு, மதியமே வேலையைத் தொடங்கச் சொன்னார்கள். வரதன் ஏறவில்லை. கம்பெனி கேட்டுக்கு வெளியே போய் உட்கார்ந்தான். ஒவ்வொருத்தனாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பெல்ட் வந்தது. யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்ததல்ல அது.

பெல்ட் கயிற்றின் நுனியிலிருக்கும் ஹூக்கைச் சாரக் குழாயில் மாட்டினால்தான் அது ஆளைத் தாங்கும். அன்றிலிருந்து அவன் வாயில் காலையில் வரும் முதல் சொல்லே "ஹூக்கு மாட்னியா?" என்பதுதான்.

தங்கை சுகிர்தாவைக் கட்டிய அன்பு, கல்யாணத்துக்குப் பிறகு அதே கோஷ்டியில் வேலைக்குச் சேர்ந்தான். "ண்ணா, அவுர ஒன்ன நம்பித்தான் அனுப்புறேன்" என்றாள் சுகிர்தா. வரதன் தலையாட்டினான். அதோடு அந்த உயிர் இவன் பொறுப்பு.

பக்கத்து பிளாஸ்டிக் கம்பெனியில் தண்ணீர்த் தொட்டி வார்க்கிற ஜெரால்ட் இவர்களுடைய சிநேகிதன். அங்கே புதிதாகக் கயாக்கும் வார்த்தார்கள். ஒற்றை ஆள் உட்கார்ந்து துடுப்பு போடுகிற படகு. வடிவம் கோணிப்போன மூன்றை ஸ்க்ராப்பில் தள்ள, ஜெரால்ட் துடுப்போடு கேட்டு வாங்கிவிட்டான்.

"வெளிநாட்டுக்காரன் ஓட்றதுக்கு நாம வார்த்துக் குடுக்குறோம். நாம ஒருவாட்டி ஒக்காந்து பாக்கக் கூடாதா?" என்றான்.

நியாயமான கேள்விதான். மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை, குட்டியானை வண்டியில் மூன்று படகையும் ஏற்றிக்கொண்டு மாநில எல்லை தாண்டிப் போனார்கள். அங்கே மலையிலிருந்து ஓர் ஆறு பாறை பாறையாக இறங்குகிறது. கோடையில் ஆடு மேயும். அன்று செம்மண் கலரில் நுரைத்துக்கொண்டு போனது.

கரையில் ஆடு ஓட்டிவந்த பெண் நின்று பார்த்தாள். "வேணாம் நைனா. மேல இன்னும் பேஞ்சுக்கினு கீது."

"சும்மா ஒரு ரவுண்டும்மா" என்றான் ஜெரால்ட். அவள் ஆடுகளை மேட்டுக்குத் திருப்பி ஓட்டினாள்.

அன்புவுக்கு நீச்சல் அரைகுறை. லைஃப் ஜாக்கெட் இல்லை. வரதன் சாக்கிலிருந்து ஹெல்மெட்டையும் பெல்ட்டையும் எடுத்தான்.

"யோவ், ஆத்துலகூட பெல்ட்டா? தண்ணி மேலேந்து எங்கய்யா வுழப் போறோம்?" ஜெரால்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "எனக்கு வேணாஞ்சாமி."

"நீ எக்கேடோ கெடு. மாப்ள, நீ வா."

தோள்வார், மார்வார், தொடைவார் எல்லாவற்றையும் வரதனே இறுக்கினான். முதுகிலிருந்து வரும் கயிற்றின் ஹூக்கை அன்புவின் படகு மூக்கிலிருந்த வளையத்தில் மாட்டி இழுத்துப் பார்த்தான். தனக்கும் அப்படியே.

"படகு முழுகாது. நீ அதோட இருந்தா நீயும் முழுக மாட்ட."

"இது கயண்டுக்காதுல்ல மச்சான்?"

"யான இழுத்தாலும் கயலாது."

முதலில் ஆறு நல்லபிள்ளையாகத்தான் நடந்துகொண்டது. அன்பு பாட்டுகூடப் பாடினான். வளைவு திரும்பியதும் அவன் பாட்டு கேட்கவில்லை. தண்ணீரின் இரைச்சல் மட்டும்தான். எதிரே ஆறு வெட்டிவிட்டாற்போல் முடிந்து, கீழே விழுந்துகொண்டிருந்தது. துடுப்பு போட்டுத் திரும்ப நேரமில்லை.

ஜெரால்ட் முதலில் போனான். கவிழ்ந்தான். படகு ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். நீந்தி வேரைப் பிடித்துக் கரையேறினான்.

அன்பு போனான். கவிழ்ந்தான். படகு இரண்டு பாறைகளுக்கு நடுவே செருகி நின்றுகொண்டது. அன்பு வெளியே வரவில்லை. கயிறு விறைத்துக்கொண்டு தண்ணீருக்குள் போயிருந்தது. அதன் நுனியில், தண்ணீருக்கடியில், ஒரு மஞ்சள் ஹெல்மெட்.

வரதனின் படகு மேலேயே பாறையில் ஏறிச் சிக்கியது. "மாப்ள!" என்று குதித்தான். பாதி தூரம்கூடப் போகவில்லை, முதுகில் வெடுக்கென்று ஓர் இழுப்பு. அவன் கயிறு அவனைப் பிடித்துவிட்டது. திரும்பி, படகு வளையத்திலிருந்த ஹூக்கை எட்டி அழுத்தினான். இழுவையில் இருக்கும்போது திறக்காத ஹூக்கு அது. அப்படிப்பட்டதுதான் வேண்டும் என்று கேட்டின் முன்னால் உட்கார்ந்து கேட்டு வாங்கியவனும் அவன்தான்.

மஞ்சள் ஹெல்மெட் ஆடுவது நின்றிருந்தது.

வரதன் மார்வாரை அவிழ்த்தான். தொடைவாரை அவிழ்த்தான். சட்டையைக் கழற்றுவதுபோல் பெல்ட்டை ஆற்றில் உதறிவிட்டு உருண்டு இறங்கினான். தண்ணீருக்குள் தடவித் தடவி அன்புவின் வார்களைத் தேடினான். காலையில் அவனே இறுக்கிய வார்கள். ரொம்ப நன்றாக இறுக்கியிருந்தான்.

ஜெரால்டும் வந்து விழுந்தான். இரண்டு பேருமாக வார்களை அவிழ்த்து அன்புவைக் கரையில் இழுத்துப் போட்டார்கள். முதுகைத் தட்டத் தட்ட, அன்பு செந்தண்ணீராகக் கக்கி மூச்சை இழுத்தான்.

அன்புவை வண்டியில் ஏற்றிக் கூட்டிவந்தார்கள். வீட்டு வாசலில் சுகிர்தா, "இன்னாச்சு?" என்றாள். அன்பு அவள் அண்ணனைக் காட்டினான். "இவுரு கட்டுன கவுறு." அவ்வளவுதான் சொன்னான்.

அந்த வாரமே அன்பு வேலைக்குத் திரும்பினான். புதுக் கட்டடத்தின் சாரத்தில் உச்சிவரை ஏறினான். பெல்ட் போட்டிருந்தான். ஹூக்கு மாட்டவில்லை. அது தொடைக்குக் கீழே வாலைப்போலத் தொங்கி ஆடியது. மழைக்காற்று எழும்பியிருந்தது. பலகை ஈரம்.

கீழே, ஆற்றில் விட்டதற்குப் பதில் வேறு பெல்ட் கட்டி நின்ற வரதன் வாயைத் திறந்தான். வாழ்நாளெல்லாம் கத்திய சொல் வரவில்லை. அதைச் சொல்ல இவனுக்கு என்ன யோக்கியதை? மேலே அன்பு ஒரு குழாயை எட்டிப் பிடிக்க, கால் ஒருமுறை சறுக்கி நின்றது.

வரதன் ஏறினான். நிற்காமல் ஏறினான். உச்சியில், அன்பு தோளைத் திருப்பிக்கொள்ள, அவனுடைய ஹூக்கை வரதன் பிடித்துக் குழாயில் மாட்டினான். டக்கென்ற சத்தம்.

"தங்கச்சிக்கி இன்னா பதில் சொல்லுவேன் மாப்ள? இது ஆறு இல்ல. இங்க இது வோணும்."

அன்பு அவனைப் பார்க்கவில்லை. வரதனின் இடுப்புக்குக் கீழே பார்த்தான். முகம் வெளிறியது.

"மச்சான்... ஒன்னுது?"

வரதன் குனிந்தான். அவன் ஹூக்கு காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. காலுக்கடியில் பலகை மெல்ல அசைந்தது.