மின்சார ஆர்கனுக்குப் பக்கத்து நாற்காலி

ஓசைக்குள் ஓசையாய் ஒளிந்திருக்கும் பெருமானின் திருவடி போற்றித் தொடங்குகிறேன். மெல்லிசைக் குழுவில் வயலின் வாசிப்பது, பந்தியில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுத் தனக்கு இலையில்லாமல் நிற்கும் உத்தியோகம். அடுத்தவருக்கு விழும் கைதட்டலை அருகிலிருந்து கேட்கப் பணிக்கப்பட்ட அன்பர்களே, என் பாடு உங்களுக்குப் புதிதாயிராது.

ஒரு பொத்தான்

எழுபதுகளின் தொடக்கம். எங்கள் குழுவின் ஆர்மோனியக்காரர் ஜெயசீலன், தாம்பரத்தில் ஞாயிறுதோறும் தேவாலய ஆர்கன் வாசித்து விரல் பழகிய இளைஞர். அவருடைய மாமா சிங்கப்பூரிலிருந்து ஒரு மின்சார ஆர்கனைக் கொண்டுவந்து கொடுத்தார். குரோம்பேட்டைத் திருமண வரவேற்பொன்றில் அது மேடையேறியது. அதன் நெற்றியில் பொத்தான்கள். ஒன்று புல்லாங்குழல், ஒன்று வயலின்.

வயலின் பொத்தானை அவர் அழுத்தினார். என் வில் கம்பியைத் தொடுமுன்பே என் நாதம் மண்டபத்தை நிறைத்தது. பாராயணத்தால் அடக்கிவைத்திருந்த நெஞ்சில் அன்றுதான் அழுக்காறு பாய் விரித்துப் படுத்தது. குழுத்தலைவர் என் தோளைத் தொட்டார்: "அண்ணா, தப்பா நினைக்காதீங்க. நாற்காலியைக் கொஞ்சம் ஓரமா போட்டுக்குங்க. ஜனங்களுக்குப் பொட்டி தெரியணும்."

பல்லாவரத்துப் பெண்வீட்டார்

மகள் திருமணத்துக்குக் கச்சேரி பேச வந்தார் பல்லாவரத்து இரும்புக் கடைக்காரர். தலைவர் ஆர்கனின் மகிமைகளை அடுக்கினார். நானும் பக்கத்தில் அமர்ந்திருந்தேன். வந்தவர் என்னை விரலால் சுட்டிக் கேட்டார்: "வயலினு அந்தப் பொட்டிக்குள்ளாறயே கீதுன்றீங்க. அப்பால இவரு இன்னாத்துக்கு சார் குந்திகினு கீறாரு?"

சேலையூருக்கு வந்த விருந்தாளி

அதன்பின் எனக்கு அழைப்புகள் குறைந்தன. ஜெயசீலனுக்கோ, தாமே அமைத்த மெட்டுகளை ஆர்கனில் வாசித்து இசைத்தட்டாக வெளியிடும் வாய்ப்பு வந்தது. அச்செய்தி கேட்ட மறுநாள் காலைப் பாராயணத்தில், நெடுநாள் ஓதிய பதிகத்தில் அடுத்த அடி எனக்கு வரவில்லை.

பொறாமைப்படுவதற்கு ஒரு கெட்டவன் வாய்த்தால் அதிலும் ஓர் ஆறுதல் உண்டு. இவரோ சேலையூரில் என் வீடு தேடி வந்து, பூசையறைப் பக்கம் பார்த்துக் கைகூப்பிவிட்டு உட்கார்ந்தார். மனைவி கொடுத்த காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "கடைசிப் பாட்டுல வயலின் அழணும் சார். மிஷின் கத்துது, அழ மாட்டேங்குது. நீங்கதான் வரணும்."

ரேடியோக் கடை வாசலில்

போனேன். அத்தனை மாதப் புழுக்கத்தையும் வில்லில் ஏற்றி இழுத்தேன். என் வயலினை ஊர் கேட்கும், ஒரு வாயாவது என்னைப் பாராட்டும் என்று ஏங்கினேன். இசைத்தட்டு வந்தது. அட்டையின் முன்புறம் ஆர்கனோடு ஜெயசீலன். பின்புறம், அடியில், கடுகளவு எழுத்தில் நான்.

தாம்பரம் ரயில் நிலையத்தருகே ரேடியோக் கடையொன்றில் அந்தக் கடைசிப் பாட்டு ஒலித்தது. காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் ரயிலைக்கூட மறந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மிஷினை எப்படி அழ வெச்சிருக்கான் பாரு மச்சான்!" என்று நண்பரிடம் உருகினார். எனக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, அது மிஷின் இல்லை. வயலின். வாசித்தவன் நான்" என்றேன். அவர் என்னை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தார்.

"சும்மா இரு பெரிசு. மனுஷன் வாசிச்சா இப்படி வருமா?"

அடுத்தவர் புகழைக் கண்டு வெந்தவர் உலகில் பலர். தன் வாசிப்பின் புகழைக் கண்டு தானே வெந்த பேறு எனக்கே வாய்த்தது. இதைக் கேட்ட செவிகளில் என்றும் நல்லோசையே நிறைக. கேட்டவர் யாவரும் குறைவின்றி வாழ்க.