எலுமிச்சம்பழத்துக்கு நின்ற மேகம்

போன சனிக்கிழமை பெங்களூர் வைட்ஃபீல்டில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியின் ஆண்டு விழா. என் தங்கை மகள் அங்கே வேலை பார்க்கிறாள். ‘பெரியம்மா, நீங்க கண்டிப்பா வரணும்’ என்று கேப் அனுப்பி வரவழைத்தாள். டிராஃபிக்கில் இரண்டரை மணி நேரம்... அந்த நேரத்தில் ஓசூருக்கே போய்த் திரும்பியிருக்கலாம்.

ஹாலில் விளக்கு அணைந்தது. மேடையின் பின்பக்கம் இருட்டில் ஒரு பெண் வீணையோடு உட்கார்ந்திருந்தாள். வாசித்துக்கொண்டே மெள்ள முன்னால் வந்தாள். யாரும் தள்ளவில்லை, கயிறு கட்டி இழுக்கவில்லை. அவள் உட்கார்ந்திருந்த மேடைத் துண்டு தானாக நகர்ந்தது. பாதி வழியில் அரைவட்டம் அடித்து, எங்களைப் பார்த்துத் திரும்பி நின்றது. சத்தம்? பெயருக்குக்கூட இல்லை. மொத்த ஹாலும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது.

நான் மட்டும் அந்த மேடைத் துண்டுக்கு அடியில் தொங்கிய கறுப்புத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே யாராவது படுத்திருக்கிறார்களா?

இடைவேளையில் போய்க் கேட்டே விட்டேன். கையில் சின்னப் பெட்டியோடு நின்ற கன்னடக்கார டெக்னீஷியன் சிரித்தார்.

‘ஒளகே... உள்ளே யாரும் இல்ல மேடம். நாலு வீல், நாலு மோட்டார். எல்லாம் இந்த ரிமோட்லதான்.’

யாரும் இல்லையாம்! எனக்கு ஏனோ கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. ஏன் என்கிறீர்களா? ஒரு காலத்தில் அப்படி ஒரு மேடைக்குள் படுத்திருந்தவள் நான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். கல்யாணமாகி இரண்டு வருடம். அல்சூரில் மாடிப் போர்ஷன். கணவர் சேகர் பேங்க்கில் கிளார்க். எனக்குப் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை — சரக்குப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு ஷாப் ஃப்ளோரில் ஓடும் பேட்டரி வண்டிகளைப் பழுதுபார்க்கும் செக்ஷன். அங்கே நான் ஒருத்திதான் பெண். எலெக்ட்ரிகல் டிப்ளமா படித்தவளை முதல் ஆறு மாதம் ஸ்பானரைத் தொட விடவில்லை. ‘நீ ரிஜிஸ்டர் எழுதும்மா’ என்பார்கள். சண்டை போட்டு வாங்கிய ஸ்பானர் அது.

சேகருக்கு நாடகப் பைத்தியம். தப்பு சொல்லக் கூடாது, குரல் அப்படி! வீட்டில் ‘காபி ஆச்சா?’ என்று கேட்டாலே நாலு பேர் கைதட்டலாம். ஜவுளிக்கடை மூர்த்தி சார் நடத்திய தமிழ் நாடகக் குழுவில் அவர்தான் நிரந்தர ராஜா.

ஒருநாள் மூர்த்தி சார் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

‘ராஜி, புது நாடகத்துல ஒரு கனவு சீன் இருக்குது. ராஜா மேகத்து மேல நின்னுக்கினு ராணியத் தேடிப் போறாரு. கயித்தக் கட்டி இழுத்துப் பாத்தோம். பாடை போற மாதிரி இருக்குதும்மா. நீதான் மோட்டார் வண்டியெல்லாம் பாக்குறியே, ஏதாச்சும் பண்ணேன்.’

பண்ணினேன். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே பண்ணினேன். குஜிரி என்கிற பழைய இரும்புக் கடைகளில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அலைந்து, லாரி வைப்பர் மோட்டார் இரண்டு பொறுக்கி எடுத்தேன். மழையில் கண்ணாடியைத் துடைக்கும் அதே மோட்டார்தான். அதில் ஒரு நல்ல குணம் — கரண்ட்டை நிறுத்தினால் அப்படியே பூட்டிக்கொள்ளும், மேடை சரிவாக இருந்தாலும் உருளாது. பலகையின் நடுவில் இரு பக்கமும் மோட்டார் சக்கரங்கள்; முன்னும் பின்னும் தானாகத் திரும்பும் சின்னச் சக்கரங்கள். இடது கைக்கு ஒரு சுவிட்ச், வலது கைக்கு ஒன்று. இரண்டையும் மேலே தள்ளினால் முன்னால் போகும், கீழே தள்ளினால் பின்னால். ஒன்றை மட்டும் நிறுத்தினால் அந்தப் பக்கமாகத் திரும்பும்.

ஆனால் வேகம் அதிகம். மேகம் பஸ்ஸைப் பிடிக்கவா போகிறது? இருபத்துநாலு வோல்ட் மோட்டாருக்குப் பன்னிரண்டு மட்டும் கொடுத்தேன். அப்புறம் பாருங்கள்... முப்பது அடி மேடையைக் கடக்க ஒரு முழு நிமிடம். மோட்டாரைச் சுற்றிப் பழைய கம்பளித் துணி. சத்தமும் அடங்கிவிட்டது. மேலே இலவம்பஞ்சும் வெள்ளைத் துணியும்.

ரிமோட்டெல்லாம் அன்றைக்கு நமக்கு ஏது? ஒயர் இழுத்தால் ஜனங்களுக்குத் தெரியும். ஆகவே உள்ளேயே ஒரு ஆள் படுத்து ஓட்ட வேண்டும். வேறு யார்? ஒன்றரை அடி உயரத்துக்குள், ஜமக்காளத்தை விரித்துக் குப்புறப் படுத்துக்கொண்டேன். முன்னால் நாலு விரல் அகலத்துக்கு ஒரு சந்து, அதன் மேல் கொசுவலைத் துணி. மேடையில் ஒட்டிய வெள்ளைப் பட்டியைப் பார்த்து ஓட்ட வேண்டும்.

முதல் ஒத்திகை எனக்கு இன்றும் கனவில் வருகிறது. வலைக்கு வெளியே நீல விளக்கு. சாம்பிராணிப் புகை தரையோடு தவழ்ந்து வந்து முகத்தில் படுகிறது. சுவிட்சைத் தள்ளினேன். நான் நகர்வதாகவே தெரியவில்லை. உலகம்தான் மெள்ள மெள்ள என்னை நோக்கி வந்தது. தூண் வந்தது, திரை வந்தது, யாரோ கழற்றிப் போட்ட செருப்புகூட அழகாக வந்தது. தலைக்கு மேலே பலகை, பலகைக்கு மேலே கணவர். அவர் குரல் மரத்தின் வழியாக இறங்கி என் முதுகெலும்பில் கேட்டது. இப்படியே போய்க்கொண்டே இருந்தால் என்ன என்று தோன்றியது.

எப்போது கிளம்ப வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரிய வேண்டுமே? சேகரைக் குதிகாலால் பலகையில் தட்டச் சொன்னேன். ஒரு தட்டு — போ. இரண்டு தட்டு — நில்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அரங்கேற்றத்துக்குப் பதினோரு நாள் முன்பு வரை. ஒத்திகையில் சேகரின் பேங்க் நண்பர் ஒருவர் வந்து, ‘என்ன சிஸ்டர், மெட்ராஸ்ல வீடு பாத்தாச்சா?’ என்றார்.

எந்த மெட்ராஸ்? எந்த வீடு?

விஷயம் இதுதான். சேகர் மெட்ராஸுக்கு மாற்றல் கேட்டு எழுதிப் போட்டிருக்கிறார். உத்தரவும் வந்துவிட்டது. நாடகத்துக்கு அடுத்த திங்கட்கிழமைக்குள் ‘சம்மதம்’ என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மெட்ராஸ் சபாக்களில் நடிக்க வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. அது எனக்கும் தெரியும். ஆனால் என் வேலை? என் ஸ்பானர்? ஒரு வார்த்தை என்னிடம் கேட்கவில்லையே!

அன்றிலிருந்து பேச்சு நின்றது. டிபன் பாக்ஸ் மேஜைக்கு வரும், காலியாகத் திரும்பும். ஒருநாள் சாம்பாரில் உப்புப் போடவே மறந்துவிட்டேன்; அதற்குக்கூட மனிதர் வாயைத் திறக்கவில்லை. பதினோரு நாளும் எங்களுக்குள் நடந்த ஒரே பேச்சு, ஒத்திகையில் குதிகால் சத்தம்தான். டக். போனேன். டக் டக். நின்றேன்.

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு நாடகம். ஹால் நிறைய ஜனம். திரை தூக்குவதற்கு முன் மூர்த்தி சார் என் மேகத்துக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, பூப் போட்டு, நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்தார். புது வண்டி எடுத்தால் செய்வோமே, அதேதான்.

‘சார், இது நசுக்காது. பாதி கரண்ட்லதான் ஓடுது. பூஜை முடிஞ்சதும் எடுத்துடுங்க’ என்றேன். ‘சரிம்மா, சரிம்மா’ என்று தலையாட்டினார். எடுக்கவும் எடுத்தார் — மூன்றை. வைத்த பழத்தை நசுக்காமல் எடுப்பது அபசகுனம் என்று ஒன்றை மட்டும் துணி மறைவில் விட்டுவிட்டார். அது எனக்குத் தெரியாது.

கனவு சீன் வந்தது. நீல விளக்கு. புகை. எதிர்ப்பக்கம் ராணி கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். ‘மேகமே, என்னை அவளிடம் கொண்டு செல்!’ என்றார் ராஜா.

டக்.

இரண்டு சுவிட்சையும் தள்ளினேன். மோட்டார் முனகியது. மேகம் வலப்பக்கம் லேசாகத் திரும்பியதே தவிர, முன்னால் நகரவில்லை. இருட்டுக்குள் குப்பென்று எலுமிச்சை வாசனை அடித்தது. எனக்குப் புரிந்துவிட்டது. வலது சக்கரம் பழத்தின் மேல் ஏற முடியாமல் முட்டிக்கொண்டு நிற்கிறது.

டக். மறுபடி, கொஞ்சம் கோபமாக — டக்!

ஒரு சாண் பின்னால் போனால் பழத்தை எடுத்துவிடலாம். ஆனால் சொல்லாமல் பின்னால் போனால், ஒரு கையைத் தூக்கிக்கொண்டு பஞ்சின் மேல் நிற்கும் ராஜா கிரீடத்தோடு குப்புற விழுவார். எப்படிச் சொல்வது? யோசித்துப் பாருங்கள்... அவர் தட்டுவார், நான் கேட்பேன். நான் ஒன்று சொல்ல வேண்டுமென்றால் அதற்கு வழியே கிடையாது. இந்த ஏற்பாட்டைச் செய்தது யார்? நானேதான்!

‘மேகமே! ஏன் தயங்குகிறாய்?’ என்றார் மேலே. வசனத்தில் இல்லாத வரி. குரலில் லேசான நடுக்கம்.

வேறு வழியில்லை. வாயைத் திறந்தேன்.

‘பின்னாடி போகப் போறேன். கெட்டியா நில்லுங்க.’

மேடை ஓரத்தில் தரையோடு தரையாக ஒரு மைக் இருந்ததை நான் மறந்தே போனேன். என் குரல் ஹால் முழுக்கக் கேட்டது. அப்புறம் சிரிப்பு. மேகம் பேசுகிறதே!

ராஜா சமாளித்தார். ‘பின்னாலா? நாம் முன்னால் அல்லவா செல்ல வேண்டும்?’

எலுமிச்சம்பழத்தைப் பற்றித்தான் சொல்ல நினைத்தேன். சத்தியமாக. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

‘எங்க போகணும்னு என்னைக் கேட்டா முடிவு பண்ணீங்க? மெட்ராஸுக்கு எழுதிப் போட்டீங்களே, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?’

ஹால் அதிர்ந்தது. விசில். பின்வரிசையிலிருந்து ஒரு அம்மாள், ‘கேளுமா, நல்லாக் கேளு!’ என்று கத்தினார். என்ன காரியம் செய்துவிட்டேன்? ஐந்நூறு பேர் முன்னால் அந்த மனிதரின் மானத்தை வாங்கிவிட்டேனே...

தலைக்கு மேலே பலகை கிறீச்சிட்டது. அவர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறுகிறார். சிரிப்பு மெள்ள அடங்கியது. புகை வலையைத் தாண்டி உள்ளே வந்தது.

பிறகு ஒரு குரல். ராஜாவின் குரல் இல்லை. காலையில் காபி கேட்கும் குரல்.

‘கேக்கல ராஜி. தப்புதான்.’

ஹாலில் யாரும் சிரிக்கவில்லை.

‘இப்பக் கேக்கறேன். நீ சொல்லு... எந்தப் பக்கம் போலாம்?’

‘மொதல்ல பின்னாடி. சக்கரத்துல எலுமிச்சம்பழம் மாட்டியிருக்கு’ என்றேன்.

அப்போது எழுந்த கைதட்டல் மாதிரி அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை. ஒரு சாண் பின்னால் போய், பழத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, சுவிட்சை மேலே தள்ளினேன். மேகம் கிளம்பியது. ஒரு முழு நிமிடம். கண்ணில் தண்ணீர் முட்டியதில் வெள்ளைப் பட்டி இரண்டாகத் தெரிந்தது. எந்தப் பட்டியில் போனேனோ தெரியாது. நீல வெளிச்சத்துக்குள், புகைக்குள், தலைக்கு மேலே அவர் எடையைத் தாங்கிக்கொண்டு மிதந்து போனேன். எதிரே ராணி ஒன்றும் நடக்காதது போல, ‘வந்துவிட்டீர்களா, அரசே!’ என்று தன் வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாடகம் முடிந்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். வெயில் இறங்கி, மரங்களுக்கு நடுவே மஞ்சளாகக் கிடந்தது. முகத்தில் பாதி மேக்கப்போடு அவர் கேட்டார்:

‘இப்ப நெஜமாவே கேக்கறேன். மெட்ராஸ் போலாமா?’

நான் திகைத்துப் போனேன். பதினோரு நாள் ‘கேட்கவில்லையே’ என்று பொங்கினேனே தவிர, கேட்டால் என்ன சொல்வது என்று ஒரு நிமிடம் யோசித்ததில்லை. கேட்காத கணவரோடு சண்டை போடுவது எளிது. கேட்டுவிட்டால் பதில் நம் தலையில் அல்லவா விழுகிறது?

ஞாயிறு முழுக்க யோசித்தேன். அவருடைய குரலை நினைத்தேன். மெட்ராஸ் சபாக்களில் அந்தக் குரல் எப்படி ஒலிக்கும் என்று நினைத்தேன். பிறகு என் செக்ஷனை நினைத்தேன். சாயங்காலம் காபியை நீட்டியபடி சொன்னேன்: ‘வேண்டாங்க.’

‘சரி’ என்றார். அவ்வளவுதான். ஜன்னல் பக்கம் திரும்பிக் காபியைக் குடித்தார்.

திங்கட்கிழமை பேங்க்கிலிருந்து வந்ததும், ‘வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேன்’ என்றார். எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு அழுகை வந்ததோ! மனிதர் வெலவெலத்துப் போனார்.

‘என்ன ராஜி இது? நீதானே வேண்டாம்னு சொன்னே?’

‘சொன்னேன்... அதுக்காக, இன்னொரு தடவை கேக்கக் கூடாதா?’

இலையில் உட்கார்ந்தவர் சொல்லும் முதல் ‘போதும்’ எந்த வீட்டிலாவது கணக்கில் சேருமா, சொல்லுங்கள். இரண்டாம் தடவை கேட்டிருந்தாலும் ‘வேண்டாம்’ என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஆனாலும்... கேட்டிருக்கலாம்.