அப்பாவின் வோட்டை யார் போட்டது

அப்பா எங்களைப் பிரிந்து ஓராண்டாகிறது. இந்த நினைவஞ்சலியில் அவருடைய நற்குணங்களை மட்டும் எழுதினால், மூத்த மகன் எதையோ மறைக்கிறான் என்று அப்பாவே சொல்லியிருப்பார். மறைக்காமல் எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது பருத்தித்துறையில். முதன்முதலாக வோட்டுப் போட, தலைக்குத் தோய்ந்து வெள்ளைச் சட்டை அணிந்து வாக்கெடுப்பு நடந்த பள்ளிக்கூடத்துக்குப் போனார். பட்டியலைப் பார்த்த உத்தியோகத்தர், "தம்பி, உம்மட வோட்டு விடியவே போட்டாச்சு" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அன்று பிடித்த சந்தேகம் அவரை விடவேயில்லை. மீற்றர் பார்க்க வருபவரிடமும் அடையாள அட்டை கேட்பார். தேநீரில் சீனி குறைந்தால், அம்மாவுக்கு டொக்டர் போன் எடுத்தாரா என்று விசாரிப்பார்.

ஊரில் யுத்தம் நடந்த பிரச்சினை காலத்தில் அம்மாவும் நாங்களும் ரொறன்ரோவுக்கு வந்து சேர, அப்பா நியூ ஜேர்சியில் மாட்டிக்கொண்டார். பெற்றோல் நிலையத்தில் கால் கடுக்க நின்று எங்களைப் படிப்பித்தார். அமெரிக்கக் குடிமகனாகச் சத்தியம் செய்த நாளில் கொடுத்த சின்ன அரசியலமைப்புப் புத்தகம் கடைசிவரை அவருடைய சட்டைப்பையில் இருந்தது. வழக்குக் கேட்க நீதிமன்றம் ஜூரியாக அழைத்தபோது அன்றைய சம்பளத்தை விட்டுப் போனார். ஓய்வுபெற்று றிச்மண்ட் ஹில்லில் என் வீட்டுக்கு வந்த பிறகு, கனடாக் குடியுரிமையும் எடுக்கச் சொன்னோம்.

"ஒரு வோட்டைக் காவல் காக்கவே எனக்கு ரெண்டு கண் காணாது" என்றார்.

தேர்தல் வந்தால் அமெரிக்காவிலிருந்து வாக்குச்சீட்டு தபாலில் வரும். கவரின் பசையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பிறகு அறைக்கதவு பூட்டப்படும். "உவர் ஆருக்குப் போடுறாரெண்டு கட்டின எனக்கே தெரியாது" என்று அம்மா முறையிடுவார்.

கடைசிச் சீட்டு வந்தபோது அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார். பாரிசவாதத்தில் வலது கை விழுந்து, பார்வையும் மங்கியிருந்தது.

"ஆருக்கெண்டு சொல்லுங்கோ அப்பா. நான் அந்தப் பெயருக்கு நேரா உள்ள வட்டத்தை நிரப்பிவிடுறன்" என்றேன்.

"நீ எதை நிரப்பினாலும் எனக்குத் தெரியாதே."

"என்னையுமா சந்தேகப்படுறியள்?"

"ஓம்" என்றார். கவரை வாங்கித் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

எனக்குக் கோபம் வந்தது. பெற்ற பிள்ளையை நம்பாத மனிதர் என்று தம்பியிடமும் உங்களில் பலரிடமும் சொல்லித் திரிந்தேன். நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அப்பா எந்தப் பெயரைச் சொன்னாலும் நான் நிரப்பப்போகும் வட்டம் எதுவென்று காரில் வரும்போதே தீர்மானித்திருந்தேன். எனக்கு அந்த நாட்டில் வோட்டே இல்லை. பருத்தித்துறையில் அன்று விடிய எழும்பிப் போய் அப்பாவின் வோட்டைப் போட்டவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் அப்பா கண்மூடினார்.

அப்பா கேட்கும்போதெல்லாம் முகம் சுளிக்காமல் அடையாள அட்டையைக் காட்டிய தாதிமாருக்கும், சாப்பாடு கொண்டுவந்து அம்மாவுக்குத் துணையிருந்த அயலவர்களுக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது.

அப்பா, அந்தக் கவர் ஒட்டுப் பிரியாமல் உங்கள் படத்தின் கீழே இருக்கிறது. இந்த முறை உங்கள் வோட்டை யாரும் போடவில்லை, அப்பா.