படிப்பகத்துக்கு இ-ரீடர் வாங்கிய கதை

1. அளவெடுப்பு

செயலாளர் சிவசங்கரன் சார் அளவு டேப்புடன் படிப்பகத்துக்குள் வந்தபோது, அன்றைய பத்திரிகைகளுக்கு நான் முத்திரை குத்திக்கொண்டிருந்தேன்.

"நசீமா, இந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க" என்றார்.

பிடித்தேன். அவர் மறுமுனையை இழுத்துக்கொண்டு எதிர்ச்சுவர்வரை போனார். பிறகு குறுக்கே ஒரு தடவை அளந்தார். முகத்தில் திருப்தி.

"டேபிள் டென்னிஸ் மேஜை தாராளமா உக்காரும்."

என் வேலை போகப்போகும் இடத்தை அளப்பதற்கு டேப் பிடித்துக் கொடுத்தது நானே என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு பிளாக்கில் குடியிருந்தவர்கள் சேர்ந்து நடத்திய மன்றம் அது. அதன் படிப்பகத்துக்கு நான்தான் பொறுப்பாளர். தினமும் பண்ருட்டியிலிருந்து பஸ்ஸில் வருவேன். ஆளுக்கொரு ஆண்ட்ராய்டு போன் வந்துவிட்ட காலம். கூட்டம் குறைந்திருந்தது உண்மை. ஆனால் போன் மட்டும் காரணமில்லை. எங்கள் உறுப்பினர்களில் பாதிப் பேர் ரிட்டயர்மென்டை நெருங்கியவர்கள். புத்தகத்து எழுத்து அவர்களுக்குப் பிடிபடவில்லை.

மைன்ஸில் கன்வேயர் ஆபரேட்டராக இருந்த ராமலிங்கம் அண்ணனையே எடுத்துக்கொள்ளுங்கள். சேத்தியாத்தோப்புப் பக்கத்துக்காரர். ஷிப்ட் முடிந்ததும் நேராக இங்கேதான் வருவார். கை எட்டும் தூரத்துக்குப் புத்தகத்தைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "எழுத்தெல்லாம் எறும்பாட்டம் ஓடிக்கினு கீதும்மா" என்பார். கொஞ்சநாளில் வருவதையே குறைத்துக்கொண்டார்.

பிலோமினா டீச்சர் மட்டும் விடாமல் வந்தார். அவருடைய கைப்பையில் மகள் வாங்கி அனுப்பிய ஒரு சின்ன இ-ரீடர் இருக்கும். அதை ஞாபகம் வைத்துக்கொண்டுதான் செயலாளரிடம் பேசினேன்.

"சார், மேஜை வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு இ-ரீடர் வாங்கிப் பாக்கலாமே? எழுத்தைப் பெருசு பண்ணிக்கலாம்."

"அதுல கலர் உண்டா?"

"இல்ல சார்."

"வீடியோ?"

"கிடையாது சார்."

"பின்ன எதுக்கு அது?"

"படிக்கிறதுக்கு சார்."

சொல்லக் கூடாத எதையோ நான் சொல்லிவிட்டதுபோல் பார்த்தார். அவர் வீட்டில் பெரிய டேப்லெட் ஒன்று இருந்தது. அதைவிட எதுவும் உசத்தியில்லை என்பது அவர் கட்சி. கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். கைவசம் கிடைக்கிற கருவிகளை உறுப்பினர்களே படித்துப் பார்ப்பார்கள். இ-ரீடர்தான் சௌகரியம் என்று செயலாளருக்கே தோன்றினால் கமிட்டியில் பேசி வாங்குவார். தோன்றாவிட்டால் டேபிள் டென்னிஸ்.

2. சோதனை

மூன்று கருவிகள் சேர்ந்தன. செயலாளரின் டேப்லெட் ஒன்று. டீச்சரின் இ-ரீடர் ஒன்று. அதில் திரையின் விளிம்பிலேயே சின்ன விளக்கு உண்டு. மூன்றாவது, பக்கத்துத் தெரு என்ஜினீயர் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்த பழைய இ-ரீடர். அளவில் பெரியது, விளக்கு கிடையாது.

பழையது முதல் நாளே அவுட். அதற்குத் தமிழ் வரவில்லை. நான் ஏற்றியிருந்தது ஒரு துப்பறியும் கதை. முதல் வரியிலேயே ஒரு கொலை. அந்தக் 'கொலை'யில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் க தனியாகக் கிடந்தது.

"கொலையவே கொலை பண்ணி வெச்சிருக்கே" என்று டீச்சர் அதை மூடி வைத்தார்.

டீச்சருடைய ரீடரை ராமலிங்கம் அண்ணன் கையில் கொடுத்தேன். பக்கத்தைத் தொட்டார். அந்தவகைத் திரை பக்கம் மாறும்போது சட்டென்று ஒருமுறை கறுத்து வெளுக்கும். அண்ணன் அதை மேஜைமேல் போட்டுவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"ஷார்ட் ஆயிடிச்சும்மா! நான் ஒண்ணியும் பண்ணல!"

"அதோட சுபாவமே அப்படித்தாண்ணே. பயப்படாம திருப்புங்க."

எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். இப்போது வேறு சிக்கல். வரிக்கு இரண்டு சொல்தான் கொள்கிறது. "ஒரு மூச்சுல ஒரு பக்கம் முடிஞ்சிடுதே" என்றார். செட்டிங்ஸில் போய்ப் பக்கத்தைக் குறுக்குவாட்டில் திருப்பி வைத்தேன். வரி நீண்டது. அண்ணன் படிக்க ஆரம்பித்தார். டீச்சர் தன்னுடைய ரீடரைத் திருப்பிக் கேட்டபோதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

மறுநாள் வேண்டுமென்றே எல்லோரையும் வராந்தாவில் உட்கார வைத்தேன். நல்ல வெயில். டீச்சரின் ரீடரில் எழுத்து பளிச்சென்று தெரிந்தது. செயலாளர் டேப்லெட்டை அப்படிச் சாய்த்தார், இப்படிச் சாய்த்தார்.

"என்ன சார் தெரியுது?" என்றார் டீச்சர்.

"என் மீசை" என்றார்.

ஆனாலும் தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. "வெயில்ல உக்காந்து யாருங்க படிப்பாங்க? ரெண்டையும் நான் வீட்டுக்குக் கொண்டுபோய் முறையா டெஸ்ட் பண்றேன்."

எனக்கும் அதுதான் வேண்டும். அந்தத் துப்பறியும் கதைக்கு இரண்டு பாகம். அவர் கிளம்புவதற்குள், டீச்சரின் சம்மதத்துடன் ஒரு சின்ன வேலை செய்தேன். முதல் பாகத்தை இ-ரீடரில் மட்டும் வைத்தேன். இரண்டாம் பாகத்தை டேப்லெட்டில் மட்டும் வைத்தேன்.

3. முறையான டெஸ்ட்

இரண்டு நாளாகியும் ஆளைக் காணோம். டீச்சருக்குத் தன் ரீடர் இல்லாமல் கை ஓடவில்லை. இருவருமாகச் செயலாளருடைய குவார்ட்டர்ஸுக்கே போனோம். அவர் மனைவி கதவைத் திறந்தார்.

"வாங்க, வாங்க. சாரு உள்ள டெஸ்ட் பண்ணிட்டு இருக்காரு. சாப்பிடக் கூப்பிட்டாலும் டெஸ்ட், கேஸ் தீந்துடுச்சுன்னாலும் டெஸ்ட். அப்படி என்னம்மா குடுத்து அனுப்புனீங்க?"

செயலாளர் வெளியே வந்தார். பக்கம் தவறிவிடாமல் விரலை ரீடர்மேல் வைத்திருந்தார். அந்தக் கருவிக்கு அது தேவையே இல்லை. நான் சொல்லவில்லை.

"பேட்டரி செக் பண்ணிட்டு இருக்கேன்" என்றார்.

"எப்படி சார் இருக்கு?"

"எறங்கவே மாட்டேங்குது. எறங்குற வரைக்கும் பாத்துடலாம்னு..." குரலைத் தாழ்த்தினார். "அந்த டாக்டர்மேல எனக்கு டவுட்டா இருக்கு. சரியான எடத்துல முடிஞ்சிருச்சு. மிச்சம் எங்க?"

"உங்க டேப்லெட்ல இருக்கு சார். கலரா."

முகம் மலர்ந்தது. ரீடரை டீச்சரிடம் கொடுத்துவிட்டு வேகமாக உள்ளே போனார். திரும்பி வரும் வழியில் நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில், சைக்கிளில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

அடுத்த நாள் நான் பூட்டைத் திறப்பதற்கு முன்பே படிப்பக வாசலில் நின்றுகொண்டிருந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன. மூக்கில் சின்னதாக ஒரு பிளாஸ்திரி.

"என்ன சார் ஆச்சு?"

"படுத்துக்கிட்டுப் படிச்சேன். கண்ணு அசந்துடுச்சு. மூஞ்சியில விழுந்துடுச்சு." நாற்காலியில் உட்கார்ந்தார். "வெளிச்சம் நேரா கண்ணுக்குள்ள அடிக்குதுங்க. கை வேற கடுக்குது. அங்க டாக்டர் அறைக் கதவத் திறக்கறான், இங்க என் மச்சான் குட்மார்னிங் அனுப்பறான், ரோஜாப்பூப் படத்தோட. ரெண்டாம் பாகத்தையும் அந்தச் சின்னதுல ஏத்திக் குடுத்துடுங்க, நசீமா."

"அது டீச்சருடையதாச்சே சார். அவங்கதான் மனசு வைக்கணும்."

அப்போதுதான் உள்ளே வந்த டீச்சர் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டார். "நான் தர்றதா இல்ல சார். மன்றத்துக்குன்னு ஒண்ணு இருந்தா யார் வேணாலும் படிக்கலாம்."

செயலாளர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அதிகாரியாக இருந்தவர். விஷயம் விளங்க ரொம்ப நேரம் ஆகவில்லை.

"ரெண்டு பேரும் சேந்து என்னைய வெச்சு செஞ்சிருக்கீங்க."

"டெஸ்ட்டுதான் சார் பண்ணோம்" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிளாஸ்திரி இழுக்கவே மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

4. கமிட்டி

கூட்டத்தில் அவர் பேசியதைக் கேட்டால், இ-ரீடரைக் கண்டுபிடித்ததே அவர்தான் என்று நினைத்திருப்பீர்கள். விளக்கு விளிம்பிலிருந்து பக்கத்தின்மேல் விழ வேண்டுமாம், கண்ணில் அடிக்கக் கூடாதாம். ஒரு கையில் பிடித்துக்கொண்டு தூங்கினாலும் மூக்குக்குச் சேதம் வரக் கூடாதாம். தமிழ் ஒழுங்காக வருகிறதா என்று, வாங்குவதற்கு முன்பே 'கொ'வையும் 'கௌ'வையும் போட்டுப் பார்க்க வேண்டுமாம். நடுவில் மச்சான்கள் வரவே கூடாதாம். ஒவ்வொன்றுக்கும் நான் தலையாட்டினேன். படிப்பகம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று தீர்மானமாயிற்று. விளக்கு உள்ள இ-ரீடர் இரண்டு வாங்கினோம்.

வந்த அன்றே ஒன்று தனக்கு வேண்டும் என்றார் செயலாளர். கேட்ட வரிசைப்படிதான் தருவது படிப்பக வழக்கம். ராமலிங்கம் அண்ணனும் இன்னொருவரும் முன்பே சொல்லி வைத்திருந்தார்கள். வழக்கத்தை மீற எனக்கு மனசு வரவில்லை. ஆகவே செயலாளர் காத்திருந்தார். தினமும் வந்து, "முடிச்சுட்டாரா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள், எந்த மாடலை வாங்கலாம் என்று என்னிடம் கேட்கிறார்கள். நான் மாடல் பெயர் சொல்வதில்லை. படிக்கப்போகிறவர் எப்போதும் உட்காரும் இடத்திலேயே, அவர் வழக்கமாகப் படிக்கும் வாகிலேயே, கீழே வைக்க முடியாத ஒரு கதையோடு அதைக் கையில் கொடுங்கள். கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள். கதை தலைக்குள் போய்க் கருவி கையில் இருப்பதே அவருக்கு மறந்துபோனால் அதை வாங்கலாம். கண், கழுத்து, கை என்று ஏதாவது ஒன்று நடுவில் குரல் கொடுத்தால் வேண்டாம். விளம்பரத்தில் போட்டிருப்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

ராமலிங்கம் அண்ணன் இரண்டாம் பாகத்தை முடித்துவிட்டு ரீடரைத் திருப்பிக் கொடுக்க வந்த அன்று செயலாளரும் அங்கே இருந்தார். அண்ணனுக்கு முகமெல்லாம் சந்தோஷம். வாசலிலிருந்தே ஆரம்பித்துவிட்டார்.

"சார், நீங்க அந்த டாக்டரத்தானே சந்தேகப்பட்டுக்கினு இருந்தீங்க? அவரு இல்ல சார்! அது வந்து..."

செயலாளர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். அண்ணன் விடவில்லை, பின்னாலேயே போனார்.